மனச்சோர்வு: வீட்டுப் பிள்ளையை மருத்துவரிடம் கூட்டிப்போவது முதல் மாத்திரையை நிறுத்துவது வரை

பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் தம்பிக்கு மனச்சோர்வு வந்தபோது, எங்கே போவது, யாரைப் பார்ப்பது, எவ்வளவு செலவாகும், எத்தனை நாளில் தேறுவான் என்று சொல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "வேளை சரியில்லை" என்றார் ஒருவர். "போனைப் பிடுங்கி வை, எல்லாம் சரியாயிடும்" என்றார் இன்னொருவர். இப்போது தம்பி தேறிவிட்டான், படிப்பையும் முடித்துவிட்டான். அலைந்து திரிந்து நாங்கள் தெரிந்துகொண்டதை, தமிழ்நாட்டில் இதே நிலையில் இருக்கும் அக்கா அண்ணன்களுக்காக, பெற்றோருக்காக, ஹாஸ்டல் அறைத் தோழர்களுக்காக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மாத்திரை பற்றி இங்கே சொல்வதெல்லாம், மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

இதைப் படிக்கும் நேரத்தில் உங்கள் பிள்ளை உயிரை விடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், மிச்சத்தைப் பிறகு படியுங்கள். தனியாக விடாதீர்கள். அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416க்கு அழையுங்கள். தன்னை ஏதாவது செய்துகொண்டிருந்தால் 108ஐ அழைத்து, பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். "போலீஸ் கேஸாகிவிடும்" என்று பயந்து நேரத்தைக் கடத்தாதீர்கள். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக வைத்திருந்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இல்லை. மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், யாராவது வந்து விசாரிக்கவும் செய்வார்கள். அதற்காகச் சிகிச்சை நிற்காது.

1. இரண்டு வாரக் கணக்கைப் பாருங்கள்

பரீட்சையில் தோற்றால் நான்கு நாள் முகம் வாடும். காதல் முறிந்தால் இன்னும் கொஞ்சம் நாள். மனச்சோர்வு என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்வது, அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி, தொடர்ந்து இரண்டு வாரமாவது நீடிப்பதை. பார்க்க வேண்டியவை: முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமை, தூக்கம் கெடுதல் அல்லது எந்நேரமும் தூக்கம், பசி மாறுதல், அசதி, கவனம் நிற்காமை, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற பேச்சு, சாவைப் பற்றிய நினைப்பு.

இளவயதில் இது அழுகையாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. எரிச்சலாக வரும். தலைவலி, வயிற்றுவலி என்று வரும். குளிக்காமல் இருப்பதாக வரும். என் தம்பியிடம் நாங்கள் முதலில் கண்டது, சாப்பிட்ட தட்டு அவன் கட்டிலுக்கு அடியில் காய்ந்து கிடந்ததைத்தான். அவன் சுத்தமாக இருக்கிற பிள்ளை. அம்மா அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தார். அப்படி நினைப்பது சுலபம், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முன்பு எப்படி இருந்தான், இப்போது எப்படி இருக்கிறான் என்ற மாற்றத்தைப் பாருங்கள்.

பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் தமிழிலும் இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி உயிரைப் பற்றியது. அதற்கு மட்டும் பூஜ்யத்தைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் கிளம்புங்கள். இந்தத் தாள் நோயை உறுதிசெய்யாது, மருத்துவரிடம் பேச்சைத் தொடங்க உதவும்.

2. நேராகக் கேளுங்கள்

"தற்கொலையைப் பற்றிக் கேட்டால் இல்லாத நினைப்பை நாமே உண்டாக்கிவிடுவோமோ" என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஏற்கெனவே இருந்தால், சொல்ல ஒரு வழி கிடைக்கும். சுற்றி வளைக்காமல், இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது, "செத்துடலாம்னு தோணுதாடா?" என்று நான் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "தோணுதுக்கா" என்றான்.

அப்படிப் பதில் வந்தால் அழவோ, சத்தியம் வாங்கவோ, "எங்களை நினைச்சுப் பாத்தியா" என்று கேட்கவோ வேண்டாம். "சொன்னது நல்லது, நான் கூட இருக்கேன், நாளைக்கு டாக்டரைப் பாக்கலாம்" என்பது போதும். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். யாரிடம் சொல்வது என்பதை மட்டும் அவனோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், தாத்தாவின் சர்க்கரை மாத்திரை வரை, ஒரு பெட்டியில் பூட்டிச் சாவியை ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். விவசாய வீடாக இருந்தால் பூச்சிமருந்து வீட்டில் இருக்கவே கூடாது. தற்கொலை எண்ணம் அலைபோல் எழுந்து தணிவது. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமலிருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றுகிறது.

3. கூட்டிப்போகும் முன் ஒரு போன்

டெலி மானஸ் என்ற அரசு மனநலச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. எண் 14416, அல்லது 1800 891 4416. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். முதலில் ஓர் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரோடு இணைப்பார்கள். பாதிக்கப்பட்டவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை, வீட்டார் அழைத்து "எங்க ஊருக்குப் பக்கத்துல எங்க காட்டறது, என்னிக்கு ஓபி" என்றும் கேட்கலாம். தமிழக அரசின் 104 சுகாதார உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050.

லைன் கிடைக்காவிட்டால் விட்டுவிடாமல் அடுத்த எண்ணுக்குப் போடுங்கள். மூன்றையும் போனில் பதிந்து வையுங்கள். பிள்ளையின் போனிலும் இருக்கட்டும்.

4. எங்கே காட்டுவது

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். போன்ற மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதுவது அவர்தான். மருத்துவ உளவியலாளர் பேச்சுச் சிகிச்சை தருபவர், மருந்து எழுத மாட்டார். "கவுன்சிலர்" என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலைதான் இருக்கிறது. அதனால் மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். முறையாகப் படித்தவர் கேட்டதும் சொல்லிவிடுவார்.

அரசுப் பக்கம்: எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருத்துவர் இருப்பார், அந்தக் குழுவே வட்ட மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாள்களில் போய்வரும். எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் போன நாள் வீணாகும். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் குடும்பங்கள் மிரளும். ஆனால் அங்கே புறநோயாளியாகக் காட்டிவிட்டு வீடு திரும்புகிறவர்கள்தான் நிறைய. சீட்டு, மருத்துவர், மாத்திரை எல்லாம் இலவசம்.

தனியாரில் ஊரைப் பொறுத்து, மருத்துவரைப் பொறுத்து, ஒரு முறைக்கு 500 முதல் 1,500 ரூபாய் வரை வாங்குகிறார்கள். மாத்திரை மாதத்துக்குச் சில நூறு ரூபாய் ஆகும். முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ அதே மருந்து குறைந்த விலையில் கிடைக்கலாம். சீட்டில் உள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் காட்டிக் கேளுங்கள்.

என் கருத்து: அரசு மருத்துவமனையில் கூட்டம் உண்டு, ஆனால் பல மாதம் நீளும் சிகிச்சைக்குச் செலவு தாங்க வேண்டும். தனியாரில் தொடங்கி, பணம் தீர்ந்ததும் பாதியில் நிற்பதைவிட, தொடக்கத்திலேயே அரசு மருத்துவமனையில் காட்டுவது மேல். முதல் சந்திப்பைத் தனியாரில் நிதானமாக முடித்துக்கொண்டு, அந்தச் சீட்டோடு அரசு மருத்துவமனைக்கு மாறுவதும் சரியே.

5. கையில் என்ன இருக்க வேண்டும்

ஆதார் நகல், தொடர்பு எண், பழைய மருத்துவச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை. வயது பதினெட்டுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் கட்டாயம் உடன் இருக்க வேண்டும். பதினெட்டு முடிந்தவர் தனியாகவே போய்க் காட்டிக்கொள்ளலாம், வீட்டின் அனுமதி தேவையில்லை.

இவற்றைவிட முக்கியமானது ஒரு பக்கக் குறிப்பு. முதல் நாளே எழுதி வையுங்கள்: எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, எடை குறைந்ததா, வகுப்புக்குப் போய் எத்தனை நாளாகிறது, குடும்பத்தில் யாருக்காவது மனநோயோ தற்கொலையோ உண்டா, உயிரை விடும் எண்ணம் உண்டா. மருத்துவர் கேட்கும்போது பிள்ளை "ஒண்ணுமில்ல சார், நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லும். அப்போது அந்தத் தாள் பேசும்.

அரசு மருத்துவமனை ஓபி காலையில்தான். எட்டு மணிக்குள் சீட்டு வரிசையில் நின்றால் மதியத்துக்குள் மாத்திரையோடு வெளியே வரலாம். சீட்டுக்கு ஒரு வரிசை, மருத்துவர் அறைக்கு ஒரு வரிசை, மாத்திரை ஜன்னலுக்கு ஒரு வரிசை. பிள்ளையை வரிசையில் நிறுத்தாதீர்கள். நீங்கள் நில்லுங்கள், அவன் மர நிழலில் உட்காரட்டும். இட்லிப் பொட்டலமும் தண்ணீரும் எடுத்துப்போங்கள்.

6. மருத்துவர் அறையில்

கொஞ்ச நேரம் பிள்ளை மருத்துவரோடு தனியாகப் பேச வேண்டும். நீங்களே "நான் வெளிய இருக்கட்டுமா டாக்டர்" என்று கேட்டு எழுந்துவிடுங்கள். காதல், குடி, கஞ்சா, ஹாஸ்டலில் நடந்த கொடுமை, ஆன்லைன் விளையாட்டில் பட்ட கடன், எதுவும் நீங்கள் இருந்தால் வாயில் வராது.

மறக்காமல் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்பது. தைராய்டு குறைவும் ரத்தசோகையும் மனச்சோர்வு போலவே அசதியைக் கொண்டுவரும். இரண்டாவது, முன்பு எப்போதாவது இதற்கு நேர்மாறாக, தூக்கமே இல்லாமல் நிறுத்தாத பேச்சும் அளவுமீறிய உற்சாகமும் கண்டபடி செலவுமாகச் சில நாள்கள் இருந்திருந்தால், அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அதற்குத் தரும் மருந்து வேறு. மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் அந்த நிலை திரும்பக்கூடும்.

நாங்கள் முதலில் போன ஒரு தனியார் மருத்துவர் தலை நிமிராமல் எழுதிக் கொடுத்து அனுப்பினார். அப்படி நடந்தால் மனம் வெறுத்து வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். மருத்துவரை மாற்றுங்கள், மருத்துவத்தை விடாதீர்கள்.

7. முதல் ஆறு வாரம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சீட்டில் பெரும்பாலும் ஃப்ளுவாக்ஸெடின், எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் போன்ற ஒரு பெயர் இருக்கும். காய்ச்சல் மாத்திரை போல மறுநாளே இது வேலை செய்யாது. வித்தியாசம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம். ஆனால் குமட்டல், தலைவலி, வயிற்றுக் கோளாறு, தூக்க மாற்றம் போன்ற பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். அதாவது முதலில் தொந்தரவு, பிறகுதான் நிம்மதி. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான், பத்தாம் நாள் "இந்த மாத்திரையால ஒரு பிரயோஜனமும் இல்ல, உடம்பைத்தான் கெடுக்குது" என்று நிறைய வீடுகளில் நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது வாரம் அப்பா அதைத்தான் சொன்னார். அடுத்த சந்திப்பு வரை பொறுக்கச் சொல்லி நாங்கள் பிடித்து வைத்தோம்.

குமட்டலுக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போடலாமா என்று கேளுங்கள். தூக்கம் கெட்டால் காலையில் போடலாமா என்று கேளுங்கள். நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள்.

கவனமாக இருக்க வேண்டிய விஷயம் ஒன்று: இருபத்தைந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் சிலருக்கு, மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் படபடப்பும் தற்கொலை எண்ணமும் கூடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004இல் பதினெட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும், 2007இல் இருபத்துநாலு வயது வரை உள்ளவர்களுக்கும் என்று இந்த எச்சரிக்கையை மருந்தின் விவரத்தாளில் அச்சிட வைத்தது. இதனால் மாத்திரையே வேண்டாம் என்று முடிவு செய்யாதீர்கள். அந்த வாரங்களில் ஆள் கூடவே இருக்க வேண்டும், அவ்வளவுதான். நிலைகொள்ளாமல் நடப்பது, திடீர் ஆவேசம், இரவெல்லாம் விழிப்பு, எல்லோரிடமும் விடைபெறுவது போன்ற பேச்சு, இவை தெரிந்தால் அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அன்றே போங்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள். நாளுக்கு ஒரு வரி: தேதி, தூங்கிய நேரம், மாத்திரை போட்டானா, எத்தனை வேளை சாப்பிட்டான், மனநிலை பத்துக்கு எத்தனை. அந்த எண்ணை அவனே சொல்லட்டும். எங்கள் நோட்டில் முதல் பக்கம் முழுக்க 2, 2, 1, 2 என்றுதான் இருக்கிறது. மூன்று, நான்கு எட்டிப் பார்த்தது ஒரு மாதம் நெருங்கும்போதுதான். கூட இருப்பவருக்கு அன்றாடம் மாற்றம் தெரியாது. நோட்டைப் புரட்டினால் தெரியும். மருத்துவரும் அதைப் பார்த்துத்தான் எங்களுக்கு அளவைக் கூட்டினார்.

மாத்திரை தீரும் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அரசு மருத்துவமனையில் பதினைந்து நாளுக்கோ ஒரு மாதத்துக்கோதான் தருவார்கள். பொங்கல், தீபாவளி விடுமுறை குறுக்கே வந்தால் முன்கூட்டியே போய் வாங்கிவிடுங்கள். மாத்திரை எப்போதும் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும், அன்றன்றைக்கு உரியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

8. பேச்சுச் சிகிச்சை

லேசான மனச்சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். நடுத்தரம், கடுமை என்றால் மருந்தும் சேர வேண்டும் என்பார்கள். பெருநகரங்களில் தனியாரிடம் ஒரு அமர்வுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். வாரம் ஒன்று என்று சில மாதம் போகும் என்பதால் கணக்குப் பார்த்துத் தொடங்குங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உளவியலாளர் இருந்தால் இலவசமாகவே கிடைக்கும், மருத்துவரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். அறிவுரை சொல்வது சிகிச்சை ஆகாது. "பெத்தவங்க கஷ்டத்தை நினைச்சுப் பாரு" என்று சொல்லி அனுப்பும் ஆலோசகரிடம் இரண்டாவது முறை போகாதீர்கள்.

9. கல்லூரி

நாங்கள் அதிகம் தலையை உடைத்துக்கொண்டது இங்கேதான். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். 65க்கு மேல் இருந்து மருத்துவக் காரணம் காட்டினால் கண்டோனேஷன், அதாவது வருகைக் குறைவை மன்னித்துத் தேர்வெழுத விடும் அனுமதி, கிடைக்கலாம். 65க்குக் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வு எழுத முடியாது. அதனால் வருகை 70ஐத் தொடும்போதே துறைத் தலைவரைப் பாருங்கள். வேறு பல்கலைக்கழகம் என்றால் அந்த விதிமுறையை அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

சிகிச்சை தொடங்கிய அன்றே மருத்துவச் சான்றிதழ் கேளுங்கள். பிறகு கேட்டால் பின்தேதியிட்டுத் தர மாட்டார்கள், தரவும் கூடாது. சான்றிதழின் தேதிகளும் வராத நாள்களும் பொருந்த வேண்டும். மூலத்தை வைத்துக்கொண்டு நகலைக் கொடுங்கள். உங்களிடம் இருக்கும் இன்னொரு நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். எங்கள் முதல் விண்ணப்பம் கல்லூரி அலுவலகத்தில் காணாமல் போனது. கையெழுத்து வாங்கிய நகல் இருந்ததால்தான் தப்பித்தோம்.

"என்ன நோய்னு எழுதிக் குடுங்க" என்று கேட்பார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. "மருத்துவச் சிகிச்சையில் இருக்கிறார், ஓய்வு தேவை" என்ற வாசகம் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நம்பிக்கையான ஒரு ஆசிரியரிடம் மட்டும் வாய்மொழியாக விவரம் சொல்வது உதவும். யாரிடம் என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும்.

முடியவே முடியாது என்றால் ஒரு பருவம் விடுப்பு எடுக்கலாம். அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், சொல்லாமல் நின்றுவிட்டால் திரும்பச் சேர்வது சிக்கல். நான்கு ஆண்டுப் பொறியியலை அண்ணா பல்கலைக்கழகத்தில் ஏழு ஆண்டுக்குள் முடிக்க விதி இடம் தருகிறது. இதை என் தம்பியிடம் சொன்ன அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு அவனாகவே எழுந்து வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான்.

10. மருத்துவக் காப்பீடு

உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் பல பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும், ஓபி செலவைத் தராது. புதிதாகப் பாலிசி எடுக்கும்போது சிகிச்சை விவரத்தை மறைக்காதீர்கள், பின்னால் அதைக் காட்டியே மறுப்பார்கள்.

11. வீட்டில்

கோயிலுக்குப் போகட்டும், குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்ளட்டும், மந்திரித்துக் கயிறு கட்டட்டும். பெரியவர்களோடு அதற்காகச் சண்டை போட்டு வீட்டை இரண்டாக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடத்துக்கு மட்டும் போகக் கூடாது என்று உறுதியாக நில்லுங்கள். "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா தெளிஞ்சிடும்" என்ற யோசனைக்கு இடமே கொடுக்காதீர்கள். இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையும் அதில் இருக்கிறது.

"தைரியமா இரு", "வெளிய போய் நாலு பேரோட பழகு" என்பவை வேலை செய்வதில்லை. சின்ன வேலை ஒன்றைச் சேர்ந்து செய்வது வேலை செய்கிறது. மாடியில் துணி காயப்போட வா, பால் வாங்கப் போகலாம் வா, இப்படி. மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் வராது, செய்யச் செய்யத்தான் மெல்ல வரும். தூங்கும் நேரமும் எழும் நேரமும் தினமும் ஒன்றாக இருக்கட்டும், போன் இரவில் கூடத்தில் சார்ஜ் ஆகட்டும். இது வீட்டில் எல்லோருக்கும் பொதுவான விதியாக இருந்தால் அவனுக்குத் தண்டனையாகத் தெரியாது.

பார்த்துக்கொள்பவர் ஒருவராக இருக்க வேண்டாம். இரவு யார், மருத்துவமனை யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கே தாங்க முடியாத நாளில் அதே 14416ஐ உங்களுக்காகவும் அழைக்கலாம்.

12. மாத்திரையை நிறுத்துவது

நன்றாகிவிட்டது என்று தெரிந்ததும் நிறுத்தத் தோன்றும். முழுதாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதம் தொடரச் சொல்வார்கள், முன்பே ஒரு முறை வந்திருந்தால் இன்னும் நீளும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். மருத்துவர் சொல்லும் கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டும். பரீட்சை மாதத்தையோ வேலைக்குச் சேரும் மாதத்தையோ அதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று எங்கள் மருத்துவர் சொன்னார். நாங்கள் கோடை விடுமுறையில் குறைக்கத் தொடங்கினோம்.

சீட்டுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், சான்றிதழ் நகல்கள், அந்த நோட்டு, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராமில், எத்தனை வாரத்தில் கேட்டது என்பதைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். மறுபடி வந்தால், முன்பு கேட்ட மருந்திலிருந்தே மருத்துவர் தொடங்க முடியும். அதே பக்கத்தில், இந்த முறை முதலில் தெரிந்த அறிகுறிகளைப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். என் தம்பி எழுதியது: ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வருது, குளிக்கத் தோணல, பிரெண்ட்ஸ் மெசேஜைத் திறக்கறதில்ல. இதில் இரண்டு சேர்ந்து ஒரு வாரம் இருந்தால், இரண்டு வாரம் ஆகட்டும் என்று காத்திராமல் அடுத்த ஓபி நாளிலேயே கோப்போடு போவது என்று பேசி வைத்திருக்கிறோம்.